கள்ளனைத் தமிழிலும் பிடிக்கட்டும்

ஜேர்மனியின் நகரங்கள்தோறும் சனிக்கிழமைகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



வாரம் முழுவதும் தொழிற்சாலையிலோ, வைத்தியசாலையிலோ, உணவகத்தின் சமையற்கட்டிலோ உழைத்துக் களைத்த பின்பும், ஓய்வுக்கென்று எஞ்சிய ஒரு நாளையும் பிறர் பிள்ளைகளுக்காகத் தத்தம் செய்து, இரவல் வாங்கிய வகுப்பறைகளிலே, பனி கொட்டும் காலைகளிலும் அகரம் முதல் ஆத்திசூடி வரை சொல்லிக்கொடுத்துவரும் உங்கள் தொண்டினை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அருகிருந்து பார்த்து வருபவன் நான். என் மகனும் மகளும் உங்களைப் போன்றோரிடந்தான் எழுத்தறிந்தார்கள். இன்று என் பேரன் அறிந்துவருகிறான். ஆகையால், இம்மடலில் நான் எழுதப்போவதைக் குறை கூறலாகக் கொள்ளாமல், ஒரே வீட்டார் திண்ணையிற் கூடிப் பேசும் குடும்ப விஷயமாகவே கொள்ளவேண்டுமென்று பிரார்த்திக்கிறேன். நான் பேச வந்த பொருள் உங்கள் பாடத்திட்டத்தில் இல்லாதது. பெற்றோர் பலர் அற்பமென்று ஒதுக்கிவிடுவது. குழந்தைகள் காதாற் கேட்டு மகிழும் துப்பறியும் நாடகமே அது.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஹேர்ன நகரில் கால்வாய்க் கரையோரம் கூடும் கிராங்கர் கிர்மெஸ் என்னும் பெருங் களியாட்ட விழாவுக்கு ஒன்பது வயதுப் பேரனை அழைத்துச் சென்றிருந்தேன். இராட்டினங்களும், ஓலமிடும் மனிதரைச் சுமந்து தலைகீழாய்ப் பாயும் இரும்புத் தொடர்வண்டிகளும், வறுத்த வாதுமையின் வாசனையும், ஒன்றையொன்று விழுங்கும் பாட்டுச் சத்தங்களும் நிறைந்த அந்தச் சந்தடியினிடையே, குறிபார்த்துச் சுடும் கடையொன்றிலே அவன் மூன்று முறை பணம் கட்டி, நான்காம் முறை எப்படியோ ஒரு துணிப் பொம்மையை வென்றுவிட்டான். வென்ற பிள்ளை அதை மார்போடு அணைத்துக்கொள்வான் என்றுதான் எதிர்பார்த்தேன். அவனோ கூட்டத்தினின்றும் விலகி, விளக்குக் கம்பமொன்றின் அடியிற் குந்தியிருந்து, அந்தப் பொம்மையின் வயிற்றை இரண்டு பெருவிரல்களாலும் அங்குலம் அங்குலமாக அமுக்கிப் பார்க்கத் தொடங்கினான். காதுகளை அமுக்கினான், வாலின் தையலை நகத்தால் நெருடினான்.

"என்னப்பு செய்யிறாய்?" என்று கேட்டேன்.

"அப்பப்பா, இதுக்குள்ளை ஏதும் இருக்கலாம்" என்றான், தலை நிமிராமலே.

அதன்பின் அவன் சொன்ன கதைதான் இம்மடலுக்குக் காரணம். சொன்னான் என்பதைவிட, சொல்ல முயன்றான் என்பதே பொருந்தும். ஒரு களியாட்ட விழா. அங்கே ஒரு சுடுகிற கடை. அங்கே பரிசாக ஒரு பூனை. அதைப் பறிக்க ஒரு மனுசன் வருகிறான் என்ற அளவுக்குத் தமிழ் அவனுக்குத் துணை வந்தது. அதற்கப்பால், "அந்த மனுசன் வந்து... அவர் ஃபெர்டெஹ்டிஹ்" என்று நின்றான். சந்தேகத்துக்குரியவன் என்னும் பொருளுடைய டொச், அதாவது ஜேர்மன், மொழிச் சொல் அது. பிறகு "ஒரு ஷ்பூர் கிடைச்சது" என்றான், தடயத்தைச் சொல்கிறான். பிறகு "பெவைஸ் வேணும்" என்றான், சான்றைச் சொல்கிறான். முன்னும் பின்னும் தமிழாகவும், உயிர்நிலை மாத்திரம் டொச்சாகவும் அந்தக் கதை என் காதில் விழுந்தது. அழகாகத் தமிழ் வாசிப்பான். திருக்குறளிற் பத்து அதிகாரம் ஒப்புவித்துப் பரிசு பெற்றவன். ஆயினும், ஒரு மனிதன்மேல் ஐயம் கொள்ளவும், அந்த ஐயத்தைத் தொடர்ந்து போய் உண்மையைக் கண்டுபிடிக்கவும் அவனிடம் தமிழ் இல்லை.

அவன் சொன்ன கதை எது என்பதை உங்களிற் பலர் இதற்குள் அறிந்திருப்பீர்கள். அறியாதோர்க்காகச் சிறிது விரிக்கிறேன். மூன்று கேள்விக்குறிகள் என்று பொருள்படும் பெயருடைய அந்த நாடக வரிசை இந்நாட்டிற் பிறந்ததே ஒரு விசித்திரமான வரலாறு. அமெரிக்க எழுத்தாளரான ராபர்ட் ஆர்தர் என்பவர் 1964இல் தொடங்கிய சிறுவர் நாவல் வரிசையொன்று, ஆல்பிரட் ஹிட்ச்காக் என்னும் திரைப்பட மேதையின் பெயரைத் தோரணமாகக் கட்டிக்கொண்டு வெளிவந்தது. அது தன் தாய்நாட்டிலே காலப்போக்கில் ஓய்ந்துபோக, அயல்நாடான ஜேர்மனியிலோ வேரூன்றி, கிளைத்து, 1993 முதல் ஜேர்மானிய எழுத்தாளர்களே புதிய கதைகளை எழுதும்படியான பெருமரமாகிவிட்டது. கலிபோர்னியாவிலே, ராக்கி பீச் என்னும் கற்பனை ஊரில், பழைய இரும்பு வியாபாரி ஒருவரின் முற்றத்துக் குப்பைகளுக்குள்ளே மறைந்துகிடக்கும் உடைந்த வண்டி வீடொன்றைத் தலைமையகமாகக் கொண்டு, ஜஸ்டஸ், பீட்டர், பாப் என்னும் மூன்று சிறுவர் துப்பறிகிறார்கள். ஒருவன் சிந்திப்பவன், ஒருவன் ஓடுபவன், ஒருவன் நூலகத்திலே தேடுபவன்.

இந்தக் கதைகளை 1979இல் ஓய்ரோப்பா என்னும் ஒலித்தட்டு நிறுவனத்துக்காக நாடகமாக இயக்கியவர் ஹைக்கடீனே கியோர்ட்டிங் என்ற அம்மையார். வழக்கறிஞர் கல்வி பெற்றும் குழந்தைகளின் செவியை நாடிய அவர், தம் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலி நாடகங்களை இயக்கியிருக்கிறார். அவர் அன்று தெரிந்தெடுத்த மூன்று இளைஞர்கள், அதாவது ஒலிவர் ரோர்பெக், யென்ஸ் வாவ்ர்ட்ஷெக், ஆண்ட்ரியாஸ் ஃபிரியோலிஹ் ஆகிய மூவரும், அப்போது பதினான்கு, பதினாறு வயதுப் பிள்ளைகள். அறுபது வயதை எட்டிய பின்பும் அதே மூவர்தாம் அதே சிறுவர்களாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைக் கசற் பிள்ளைகள் என்றே இந்நாட்டார் செல்லமாக அழைப்பர். அந்தப் பிள்ளைகள் நரை கண்ட பின்பும் அக்குரல்களைக் கேட்டபடியே உறங்குகிறார்கள் என்பதும், 2014இல் பெர்லின் நகரத்து வால்ட்பியூனே என்னும் திறந்தவெளி அரங்கிலே, மேடையில் நின்று பேசும் அந்த மூவரையும் கேட்க 15,000 பேருக்கு மேல் திரண்டார்கள் என்பதும் மிகையான வார்த்தைகளல்ல.

என் பேரன் கூறியது அவ்வரிசையின் நான்காவது நாடகம். கறுப்புப் பூனை என்பது அதன் பெயர். டென்னிஸ் லிண்ட்ஸ் என்பவர் வில்லியம் ஆர்டன் என்ற புனைபெயரில் 1970இல் எழுதிய நாவலே அதற்கு மூலம். ஊருக்கு ஒரு களியாட்டக் குழு வந்து கூடாரமடிக்கிறது. மூவரில் ஒருவன் சுடும் கடையில் ஒரு கோணற் பூனைப் பொம்மையைப் பரிசாகப் பெறுகிறான். பெற்ற மாத்திரத்தில் அந்நியன் ஒருவன் அதைப் பறிக்கப் பார்க்கிறான். கூண்டைவிட்டுச் சிங்கம் வெளியேறிவிடுகிறது. பிறகு, அதே மாதிரிப் பூனைகளை விலைக்கு வாங்கிக்கொள்வதாகப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வெளியாகிறது. விலைமதிப்பில்லாத ஒரு துணிப் பொம்மைக்காக மனிதன் ஒருவன் இவ்வளவு பிரயத்தனம் செய்வானேன் என்னும் ஒரே கேள்வியைப் பற்றிக்கொண்டு, குழு முதலாளியின் மகனையும் துணைசேர்த்து, அந்தச் சிறுவர்கள் வங்கிக் கொள்ளையன் ஒருவனைச் சென்றடைகிறார்கள்.

இதைக் கண்ணாற் காண ஒன்றுமில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். சிங்கம் இருக்கிறது, ஆனால் தென்படாது. மூச்சு மாத்திரம் கேட்கும். அந்த மூச்சுக்கு முன்னால், இதுவரை உரத்துப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளின் குரல் சட்டென்று தாழும். அவ்வளவுதான். எந்த நிறத்துச் சிங்கம், எவ்வளவு பெரிய பல், எந்த இருளின் மூலை என்பதையெல்லாம் போர்வைக்குள்ளே படுத்திருக்கும் குழந்தை தானே சிருஷ்டித்துக்கொள்கிறது. திரைப்படத்தில் வரும் சிங்கம் எல்லாக் குழந்தைக்கும் ஒரே சிங்கம். காதால் வரும் சிங்கமோ கேட்கும் குழந்தையினது சொந்தச் சிங்கம். பாஷையும் அவ்விதமே. ஒரு வசனத்தைக் கேட்டு ஒரு காட்சியைத் தானாகச் சமைத்துக்கொண்ட குழந்தைக்கு அந்த வசனத்தின் ஒவ்வொரு சொல்லும் தன் கையாற் செய்த பண்டம்போல் உரிமையாகிவிடுகிறது. அதிலும், ஒரு குழந்தை தனக்குப் பிடித்த நாடகத்தை ஒரு தடவையோடு விடுவதில்லை. நூறு தடவை கேட்கிறது, பாத்திரங்கள் வாய் திறக்குமுன்னே தான் வாய் திறக்கிறது. எந்தப் பாடப்புத்தகத்தை எந்தப் பிள்ளை நூறு தடவை விரும்பிப் படித்தது?

கள்ளர் கதை பிள்ளைகளின் சித்தத்தைக் கெடுக்கும் என்று கூறுவோர் நம்முள் அநேகர். நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சியே. "உந்தக் கள்ளன் பொலிஸ் விளையாட்டை நிப்பாட்டிப்போட்டுப் படி" என்று நான் இரைந்த இரவுகளுக்குக் கணக்கில்லை. அந்த நாடகங்களைப் பொறுமையாக உட்கார்ந்து நான் கேட்டது பேரன் வந்த பிறகுதான். கேட்டபோது என் அபிப்பிராயம் முழுதும் மாறிப்போயிற்று. அவற்றிலே கள்ளனை அடித்துப் பிடிப்பது அபூர்வம். கேட்டுப் பிடிப்பதே வழக்கம். முதலில் யார்மேல் ஐயம் எழுகிறதோ அவர் பெரும்பாலும் நிரபராதி. ஊகம் வேறு, சான்று வேறு என்பதை இந்தச் சிறுவர்கள் ஒருவரையொருவர் மறித்துத் திருத்திக்கொண்டே போகிறார்கள்.

களியாட்ட விழாக் கதையிலே எனக்கு விசேஷமாகப் பட்டது இன்னொன்று. ஊர்விட்டு ஊர் போகும் கூத்துக்காரரும் இராட்டினக்காரரும் எந்தத் தேசத்திலும் அந்நியர். ஊரில் ஒரு பொருள் காணாமற்போனால் முதல் விரல் அவர்களை நோக்கியே நீளும். அந்தக் கதையில் கொள்ளையன் அவர்களிடையே ஒளிந்திருக்கிறான் என்பது மெய்யே. ஆனால் மூவரும் தேடுவது அந்த ஒருவனையே. குழு முழுவதையும் குற்றவாளியாக்கவில்லை. முதலாளியின் மகன் அவர்களுக்குத் தோழனாகிறான். ஒருவன் குற்றம் ஒரு கூட்டத்தின் குற்றமாகாது என்னும் நியாயத்தை, 1983க்குப் பின் அகதிகளாய் இந்த மண்ணுக்கு வந்து, அந்நியர் என்ற பார்வையைப் பேருந்திலும் கடையிலும் அனுபவித்த நம்மைவிட உணர்ந்தவர் யார்? நம் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டுக் கதையின் வாயிலாகத் தெரிந்துகொள்வதில் என்ன தீங்கு?

இவ்விடத்திலே என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. ஆண்டு 1988. நான் வேலையிற் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஊரிலிருந்த என் தாயாருக்குக் கண் மங்கிவிட்டதால் கடிதம் வாசிக்க இயலாது. ஆகவே, அந்நாளில் நம்மவர் எல்லாரும் செய்தது போல, கசற்றிலே குரலைப் பதிந்து அனுப்புவேன். ஒருநாள் மாலை, மறுநாட் காலை கொழும்புக்குப் புறப்படும் ஒருவர் கையில் கொடுத்தனுப்பலாம் என்ற சந்தர்ப்பம் திடீரென்று வாய்த்தது. வீட்டில் வெறுங் கசற் இல்லை; கடைகளும் பூட்டியாயிற்று. மகனின் மேசைமீது கறுப்புப் பூனை கிடந்தது. கறுப்புப் பின்னணியிலே வெள்ளை, சிவப்பு, நீலமாய் மூன்று கேள்விக்குறிகள் இட்ட அட்டை. விற்பனைக்கு வரும் கசற்றுகளில் மேற்பதிவு செய்ய முடியாதபடி முதுகுப்புறத்தில் இரண்டு சிறு குழிகள் உண்டல்லவா? அவற்றை ஒட்டுத்தாள் துண்டால் அடைத்து, இரண்டாம் பக்கத்தைப் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, என் தாயாருக்கு என் சுகசெய்திகளையெல்லாம் பேசி முடித்தேன். மறுநாள் எட்டு வயது மகன் அழுத அழுகையை நான் மறந்ததில்லை. கதை முழுவதும் அவனிடமிருந்து போயிற்று. நான் பேசி அழித்ததோ கள்ளன் பிடிபடும் பக்கம்.

மூன்று மாதங்கள் கழித்துத் தாயாரின் பதில் கசற் வந்தது. ஊர்ச் செய்தி, உறவினர் செய்தி, ஆமிக்காரர் வீடுவீடாய்ப் புகுந்து தேடிய செய்தி எல்லாம் சொல்லியபின், சற்றே நிறுத்தி, இவ்வாறு கேட்டிருந்தார்:

"தம்பி, நீ கதைச்சு முடிஞ்ச பிறகு கொஞ்சப் பொடியள் சிரிக்கினம். ஆரடா அவை? உன்ரை பிள்ளையின்ரை சிநேகிதப் பிள்ளையளோ? நல்ல வடிவான சிரிப்பு. அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்கிறன்."

அந்த நாடகங்கள் பெரும்பாலும் பாத்திரங்கள் எல்லாரும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்போடுதான் முடியும். என் பேச்சு நாடாவின் இறுதிவரை நீளவில்லை. அழியாமல் மிஞ்சிய கடைசிச் சிரிப்பு, அமெரிக்காவிலே கற்பனையாகி ஹம்பர்க் நகரில் ஒலிபெற்ற சிரிப்பு, குண்டுச் சத்தத்துக்குப் பழகிப்போன ஒரு யாழ்ப்பாணத்து வீட்டிலே, ஒரு முதிய தாயின் தலைமாட்டில் இரவுதோறும் ஒலித்திருக்கிறது. ஒரு சொல்லும் விளங்காமலே அவர் அதில் ஆறுதல் கண்டிருக்கிறார். குரலுக்குள்ள மகிமை அதுவென்றால், விளங்கும் சொல்லும் அந்தக் குரலோடு சேர்ந்துகொண்டால் அதன் வல்லமை எத்தகையதாயிருக்கும்?

அது நமக்குத் தெரியாத கலையுமன்று. இலங்கை வானொலியின் சிறுவர் மலர் நிகழ்ச்சிக்காக வீட்டு விறாந்தையில் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்தவர்கள் உங்கள் தாய் தந்தையர். உங்களில் மூத்தோர் நீங்களேயும் இருந்திருப்பீர்கள். சானா என்னும் சண்முகநாதனின் லண்டன் கந்தையாவைக் கேட்டுச் சிரித்தோம். சில்லையூர் செல்வராசனின் தணியாத தாகத்தைக் கேட்டு அடுக்களைப் புகைக்குள்ளே பெண்கள் கண்ணீர் விட்டதைப் பார்த்தோம். கோமாளிகள் என்ற வானொலிப் பாத்திரங்கள் மக்களிடம் பெற்ற அபிமானத்தால் 1976இல் திரைப்படமாகவே ஆனதைக் கண்டோம். நான் சிறுவனாயிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக் காணிவேலுக்குத் தகப்பனாரின் தோளேறிச் சென்று, மரணக் கிணற்றுக்குள்ளே மோட்டார்ச் சைக்கிள் சுற்றுவதை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்திருக்கிறேன். இன்று கண்ணை மூடினால் அந்த வண்டியின் நிறம் ஞாபகத்துக்கு வருவதில்லை. மரப்பலகைகள் கடகடவென்று அதிர்ந்த சத்தம் மாத்திரம் அப்படியே வருகிறது.

ஆசிரியப் பெருமக்களே, என் மனத்திலுள்ள கவலையை இப்போது ஒளியாமற் சொல்லுகிறேன். நம் வீடுகளிலே நாம் பிள்ளைகளோடு பேசும் தமிழை ஒரு நாளைக்குச் செவிகொடுத்துக் கேளுங்கள். எழும்பு, முகம் கழுவு, சாப்பிடு, கெதியாய் வா, படி, போனை வை, படு. ஏவல் வினைகளால் ஆன தமிழ் அது. உங்கள் வகுப்பறையிலோ செய்யுளும் இலக்கணமும் ஒழுக்கமும் ஆன தமிழ். அது உயர்ந்தது, வேண்டியது. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு குழந்தை உண்மையில் வாழும் பிரதேசம், அதாவது இரகசியமும், சந்தேகமும், துணிச்சலும், பகிடியும், அச்சமும், 'இப்படி இருக்குமோ' என்ற ஊகமும், 'இல்லை, பொறு, இன்னொருக்கால் யோசிப்போம்' என்ற மறு சிந்தனையும் நிறைந்த பிரதேசம், முழுவதும் டொச் மொழியின் ஆட்சியில் இருக்கிறது. கட்டளையைத் தமிழிற் பெற்றுக்கொண்டு, கனவை டொச்சிற் காணும் பிள்ளை, பெரியவனானதும் தமிழை மரியாதையோடு வணங்கிவிட்டு அப்பாற் போய்விடுவான். அதற்காக டொச் மொழியின்மீது நான் துவேஷம் பாராட்டவில்லை. என் மக்களுக்குச் சோறிட்ட மொழி அது. அம்மொழிக்காரர் தம் குழந்தைகளின் செவிக்குக் கொடுத்த சிரத்தையை நாம் நம் குழந்தைகளின் செவிக்குக் கொடுக்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

ஆகவே என் விண்ணப்பம் இது. ஆண்டுக்கொரு தடவை, ஒரு பள்ளிக்கொரு நாடகம், பிள்ளைகளே பேசி நடிக்க, பிள்ளைகள் கேட்பதற்காக ஒலிப்பதிவு செய்யுங்கள். மேடை நாடகமன்று, அதற்கு உடையும் திரையும் மண்டபமும் வேண்டும், ஒரு மாலையோடு அது முடிந்தும் போகும். ஒலி நாடகத்துக்கு ஒரு கைத்தொலைபேசியும், கம்பளம் விரித்துக் கதவு சாத்திய ஓர் அறையும் போதும். அது தலைமாட்டில் நூறு இரவு கிடக்கும். பயற்றம்பருப்பைத் தகரத் தட்டிலே சரித்தால் மழை. இரண்டு சிரட்டைகளை மேசையில் மாறிமாறித் தட்டினால் குதிரை. பழைய சுளகை முகத்தருகே வீசினால் காற்று. இந்தச் சத்தங்களைச் செய்வதற்கே பிள்ளைகள் போட்டியிடுவார்கள். பாட்டிமார் ஆலோசனை சொல்வார்கள்.

கதைக்கு எங்கே போவது என்று மயங்கவேண்டாம். நமக்குச் சொந்தமான களியாட்டக் களம் ஒன்று இந்நாட்டிலேயே இருக்கிறது. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவிலின் தேர்த் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். 2002இல் குடமுழுக்குக் கண்ட அக்கோவிலைச் சூழ்ந்து, தொழிற்கூடங்கள் நிறைந்த அந்தப் பகுதியின் வீதிகளிலே, ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். கச்சான் கடை, வளையற் கடை, பொம்மைக் கடை, காவடி, பறை, வெயிலிலே உருகும் ஐஸ்பழம், தொலைந்துபோன பிள்ளைகளின் பெயரை ஒலிபெருக்கியில் அழைக்கும் குரல் எல்லாம் அங்கே உண்டு. அந்தச் சந்தடிக்குள்ளே ஒரு மனிதன் ஒவ்வொரு பொம்மைக் கடையாகச் சென்று ஒரே மாதிரி மரக்குதிரைகளை மாத்திரம் தேடித் தேடி வாங்குகிறான் என்று தொடங்குங்கள். அவன் ஏன் வாங்குகிறான் என்பதை உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடமே கேளுங்கள். ஐந்து நிமிஷத்துக்குள் இருபது விடை வரும்; ஆரம்பத்தில் அவை டொச்சில் வந்தாலும் பாதகமில்லை. ஒவ்வொன்றையும் தமிழாக்கும் போதுதான் தடயம், சான்று, ஐயம், ஆள்மாறாட்டம், கையுங்களவுமாய் என்னும் சொற்களெல்லாம் அகராதியைவிட்டு இறங்கி அவர்கள் நாவில் ஏறும்.

இரண்டு விஷயங்களில் மாத்திரம் கவனம் வேண்டுமென்று தாழ்மையுடன் சொல்லிக்கொள்கிறேன். பாத்திரங்கள் செந்தமிழிற் பேசவேண்டுமென்று வற்புறுத்தாதீர்கள். கள்ளனைத் துரத்தும் பிள்ளை 'நில், ஓடாதே, நான் உன்னைக் கண்டுவிட்டேன்' என்று மேடைத் தமிழிற் சொன்னால் கள்ளனே சிரித்துவிடுவான். "டேய், நில்லடா!" என்று ஓடட்டும், கதை சொல்பவர் மாத்திரம் நல்ல உரைநடையிற் பேசட்டும். இரண்டு தமிழும் அவ்வாறே ஒன்றன்பின் ஒன்றாய்ச் செவியில் விழுந்தால், எது எங்கே பொருந்தும் என்பதைப் பிள்ளை விதி படிக்காமலே உணர்ந்துகொள்ளும். மற்றது, ழகரம் நழுவுகிறது, றகரம் குழறுகிறது என்று பதிவை இடையிடையே நிறுத்தித் திருத்தாதீர்கள். உச்சரிப்பைத் திருத்த வகுப்பு இருக்கிறது. இங்கே பிள்ளைக்கு வேண்டியது பயமில்லாத நாக்கு.

நாடகத்தின் முடிவிலே பிள்ளைகள் எல்லாரையும் ஒன்றாக ஒலிவாங்கி முன் நிறுத்திச் சிரிக்கச் சொல்லுங்கள். அது என் தாயாருக்காக நான் கேட்கும் உபகாரம்.

மூன்று கேள்விக்குறிச் சிறுவர்களிடம் ஓர் உபாயம் உண்டு. ஆளையோ வண்டியையோ தேடவேண்டுமானால் ஒவ்வொருவரும் ஐந்து நண்பர்களைத் தொலைபேசியில் அழைப்பார்கள். அந்த ஐவரும் தத்தமக்குத் தெரிந்த ஐவரை அழைப்பார்கள். ஊர்ப் பிள்ளைகள் முழுவதும் ஒரு மாலைக்குள் விழித்துக்கொள்ளும். தொலைபேசிப் பனிச்சரிவு என்று அதற்குப் பெயர். இம்மடலைப் படிக்கும் நீங்கள் ஒவ்வொருவரும் ஐந்து ஆசிரியர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். என் வீட்டிலே ஒலிப்பதிவுக் கருவி ஒன்று இருக்கிறது. என் மகன் அதை இயக்கத் தெரிந்தவன். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் எந்தப் பள்ளியின் பிள்ளைகள் வந்தாலும் கதவு திறந்திருக்கும். மரக்குதிரைகளை வாங்கிச் சேர்ப்பவன் யாரென்று என் பேரன் இப்போதே ஊகித்துவிட்டான்; சான்றைத் தேடிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இன்னும் இரண்டு துப்பறிவாளர் தேவை. அனுப்பி வையுங்கள்.


ஒரு மாணவனின் அப்பப்பா